பூவுக்கும் முதுகு உண்டு

"தன்கிச்சி, மழை விட்டுச்சா?"

சாவடித் தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இவாகிச்சி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். தீவுக்கு நாடுகடத்தப்படப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது?

"விடல. உனக்கென்ன, கப்பல்ல கூரை இருக்கும்" என்றேன்.

பின்னந்தலையில் ஒரு தட்டு விழுந்தது. மகோரோகு அண்ணன். எங்கள் பேட்டையில் திருட்டு, புரட்டு, ஆள் காணோம் என்று எது நடந்தாலும் காவல் அதிகாரிகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னைக் கூப்பிடுவார். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். இந்த ஏற்பாடு ரொம்ப காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். நரூதோயா படக்கடையில் இந்த வருடம் பருவப் பூக்களின் வரிசை ஒன்று வந்துகொண்டிருக்கிறது. பனிக்காலத்துக்குப் பிளம், அப்புறம் செர்ரி, அப்புறம் விஸ்டேரியா. இப்போது மழைக்காலம், ஆகவே தண்ணீரோரம் நிற்கும் ஊதா ஐரிஸ். படத்தின் அச்சுக் கட்டையைச் செதுக்கியவன் இவாகிச்சி. அவன் உளி பட்டால் இதழின் ஓரம் மயிரிழை மாதிரி வரும் என்று எடோ நகரம் முழுக்கப் பேச்சு.

இன்று காலை அந்த ஐரிஸ் படத்தைக் கடை வாசலில் தொங்கவிட்டார்கள். அதில் தண்ணீரோரத்தில், புல்லுக்கு நடுவே, மூன்று சின்ன இலைகள் வட்டமாகத் தலையைச் சேர்த்து வைத்திருந்தன. கோட்டைக் கதவில் இருக்கிறதே, அதே மூன்று இலை. நாட்டை ஆளும் ஷோகனின் குடும்ப முத்திரை.

அதை வேறு யார் எதில் போட்டாலும், போட்ட கைக்குத் தீவு. விற்ற கடைக்குப் பூட்டு. நரூதோயா கடைக்காரர்கள் முந்திக்கொண்டு தாங்களே சாவடிக்கு ஓடிவந்து சொன்னதால் பூட்டிலிருந்து தப்பித்தார்கள். கடையின் தலைமைக் கணக்கர் சஹெய், அதிகாரியை நேராக இவாகிச்சியின் லைன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அடுப்புக்குள் எரிந்துபோன கட்டை ஒன்று கிடந்தது. மிஞ்சியது ஒரு மூலை. அந்த மூலையில் ஐரிஸின் ஒரு தண்டு, அதன் கீழே காகிதத்தை உட்கார வைக்கிற குறி. ஐரிஸ் படத்தின் கோடுகளை அச்சிடுகிற கோட்டுக்கட்டையேதான். முத்திரையைச் செதுக்கி வம்பு செய்தவன், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து கட்டையை எரித்துவிட்டான். யாருக்கும் சந்தேகமே இல்லை.

அதிகாரி கொன்னோ ஐயா மாலை மணி அடித்ததும் இவாகிச்சியை நீதிபதி மாளிகைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அந்த வாசலுக்குள் போனவன் திரும்பி வந்தாலும் போன கையோடு வருவதில்லை. செதுக்குகிறவனுக்குக் கை போனால் தீவு எதற்கு, வீடு எதற்கு.

எங்களுக்குக் கொடுத்த வேலை, விற்றுப்போன நாலைந்து படங்களையும் திரும்ப வாங்கி வருவது.

"காகிதம் பொறுக்கிட்டு வந்தா போதும், மகோரோகு. யோசிக்கிற வேலையெல்லாம் முடிஞ்சாச்சு" என்றார் கொன்னோ ஐயா.

அண்ணன் தலையாட்டிவிட்டு இவாகிச்சியின் பக்கத்தில் குந்தினார். கட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டார்.

"செதுக்கி முடிச்சு மாதிரித்தாள் எடுத்தேன். ஓவியர் பார்த்து சரின்னாரு. கட்டையைக் கடைக்கு அனுப்பிட்டேன். அப்புறம் இன்னைக்குத்தான் பார்க்கிறேன், கரியா." கொஞ்சம் நிறுத்தி, "நல்ல கட்டை அண்ணே அது. முடிச்சே இல்லாத செர்ரி" என்றான்.

தன்னைவிடக் கட்டைக்காக வருத்தப்படுகிறவனை என்ன செய்வது.

*

வெளியே வந்ததும் குடையை விரித்தேன். அண்ணன் மூக்கைச் சொறிந்துகொண்டே நடந்தார். எது சுலபமாகக் கைக்குக் கிடைத்தாலும் அவருக்கு மூக்கு அரிக்கும்.

"நரூதோயா கடையோட கஹெய் முதலாளிக்கு ஆண்பிள்ளை இல்ல. பொண்ணை இவாகிச்சிக்குக் கட்டிவெச்சு, கடைப் பேரையும் கடையையும் அவனுக்கே குடுக்கறதா பேச்சு. சரியா?"

"சரிதான் அண்ணே. மழைக்காலம் முடிஞ்சதும் கல்யாணம்."

"பந்தியில உக்காரப் போறவன் சோத்துல மண்ணள்ளிப் போடுவானாடா?"

"பந்தி பிடிக்கலேன்னா போடுவான்" என்றேன். எனக்கும் கொஞ்சம் மூளை உண்டு என்று அவ்வப்போது காட்ட வேண்டியிருக்கிறது. "போன வாரம் சோபா நூடுல்ஸ் கடையில எல்லார் முன்னாடியும் அவனே சொன்னான். 'கல்லாவுல உக்காந்து மணிச்சட்டம் தட்டறதுக்குத் தீவுக்கே போயிடலாம்'னு."

"எல்லார்னா?"

"நானு. அச்சு போடற தோமெசோ பெரியவர். சஹெய் கணக்கர். அவர் குடிக்கவே இல்ல, எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டே இருந்தாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

"உனக்கு ஊத்திக் குடுக்கறவன் எல்லாம் நல்ல மனுஷன்தான்" என்றார் அண்ணன்.

*

நரூதோயா கடையில் முன்பலகையைப் பாதி சாத்தியிருந்தார்கள். கஹெய் முதலாளி கணப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பலையே கிளறிக்கொண்டிருந்தார். இவாகிச்சி பேரை எடுத்ததும், மருமகன் ஆக வேண்டியவன் தன் வீட்டுக்கே தீ வைத்துவிட்டான், இனி அவனைப் பற்றித் தன்னிடம் பேச வேண்டாம் என்றார். மகள் ஒனாமி காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

பேசியதெல்லாம் சஹெய்தான். மடித்த உறைகளை முன்னால் அடுக்கி வைத்து, கடை முத்திரையைச் சிவப்பு மசியில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றிலும் குத்திக்கொண்டே பேசினார். நாற்பதைத் தொட்ட, சுத்தமான, மெலிந்த மனிதர். கடை இந்த நிலையில் இருக்கும்போதும் வேலை நிற்கவில்லை. ஒவ்வொரு முத்திரையும் உறையின் மூலையில் நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் கோணாது போலிருக்கே" என்றேன்.

"சின்னப் பையனா கடைக்கு வந்த நாள்லேர்ந்து இதே பிடிதான். வேற பிடி குடுத்தா எனக்கும் கோணும்" என்று அடக்கமாகச் சிரித்தார். முத்திரையின் மரப்பிடியில் துணி சுற்றியிருந்தது. உள்ளங்கையில் கொப்புளமாம்.

அண்ணன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. முத்திரை இலையை முதலில் பார்த்தது யார்? அவர்தான், படத்தைத் தொங்கவிட்டு நாலைந்து விற்ற பிறகு. அச்சுப் போட்டு முடித்ததும் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? தோமெசோ. வைத்த இடம்? பின்னால் உள்ள கிடங்கு. அங்கே இன்று காலை போய்ப் பார்த்தால் வண்ணக் கட்டைகள் எல்லாம் இருந்தன, கோட்டுக்கட்டையை மட்டும் காணவில்லை.

"நேரா அடுப்புல போய்ப் பார்க்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"தப்புப் பண்ணினவன் மரத்தை வேற எங்க ஒளிப்பான், தலைவரே?"

நல்ல பதில்தான். அண்ணன் மூக்கைச் சொறிந்தார்.

விற்றதை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று மிச்சமிருந்த படங்களைக் கட்டோடு வாங்கிக்கொண்டோம். அண்ணன் நாலைந்தை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாவற்றிலும் இலைகள் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. அழகான படம், அதில் பொய் இல்லை. ஊதா இதழ்களுக்குக் கீழே தண்ணீர் மெல்ல வெளுத்துக்கொண்டு போகிறது. அந்த மூன்று இலையை மட்டும் பார்க்காமல் இருந்தால் மழை வாசனையே வரும்.

வெளியே வந்ததும் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அண்ணே, கட்டை கடைசியா தோமெசோ கையில இருந்திருக்கு. ஒரு கட்டுத் தாள் அச்சுப் போட்டவருக்கு அதுல இருந்த முத்திரை தெரியலையா? ஒவ்வொரு தாளுக்கும் அந்தக் கட்டையில மை தடவினவர் அவரு."

"முதல்முறையா வாயால இல்லாம மூளையால பேசறே" என்றார் அண்ணன். எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்தது.

*

தோமெசோவின் பட்டறை சாயக்காரர் சந்துக்குப் பின்னால். உள்ளே ஈரக் காகிதத்தின் வாசனை. கிழவர் சாய்வுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ விசிறிப் படம் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

இலைகளைப் பற்றிக் கேட்டோம்.

"நான் பூப் பார்க்கற ஆள் இல்ல. மூலையில குறி இருக்கும். காகிதம் அதுல உக்காருதான்னு பார்ப்பேன். அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்குக் கட்டையில உங்க மூஞ்சியையே செதுக்கிக் குடுத்தாலும் தெரியாது" என்றேன்.

அவர் கண் நிலையாக இல்லை. கட்டை, காகிதம், அப்புறம் பக்கத்து அறைக்கான காகிதக் கதவு. மறுபடி கட்டை, காகிதம், கதவு. அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். நான் மெல்ல நகர்ந்துபோய்க் கதவைச் சட்டென்று இழுத்துத் திறந்தேன்.

ஒரு ஊறுகாய்ப் பானை. அதன் மேல் ஒரு பூனை. பூனை என்னைக் கேவலமாகப் பார்த்தது.

"கதவை மூடுடா" என்றார் அண்ணன். மூடினேன். அவர் எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் பார்க்கவில்லை, கதவையே பார்த்தார். கீழ்க்கட்டத்தில் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. எல்லோர் வீட்டிலும் போடுகிற ஒட்டுத்தான், காகிதத்தைப் பூ மாதிரி கத்தரித்து ஒட்டுவோமே, அது. இந்த ஒட்டு மட்டும் வெள்ளையாக இல்லை. அடியில் ஊதா, நீலம்.

அண்ணன் விரலை எச்சிலில் நனைத்து ஒட்டைப் பக்குவமாக உரித்தார். திருப்பினார். ஐரிஸ் படத்தின் ஒரு துண்டு. இதழின் சாயம் கொஞ்சம் வழிந்திருந்தது. கீழே தண்ணீரோரம், புல். நாங்கள் கொண்டுவந்த படத்தின் அருகில் அதை வைத்தார். அதே புல், அதே வளைவு, அதே தண்ணீர்க் கோடு.

இலைகள் இல்லை.

தோமெசோ கையிலிருந்த தேய்ப்பு வட்டைக் கீழே வைத்தார். முகம் காகிதத்தைவிட வெளுத்துவிட்டது. அப்புறம் சொன்னார். கெட்டுப்போன தாளையும் கடைக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நரூதோயா கடையில் விதி. வெளியே போனால் கள்ளத்தனமாக விற்றுவிடுவார்கள் என்று. இவர் ஒரு தாளை எடுத்து ஓட்டையை அடைத்துவிட்டார். தெரிந்தால் அந்தக் கடை வேலை இனி வராது. தான் அச்சுப் போட்டபோது கட்டையில் இலை கிடையாது என்று சொன்னால், எப்படித் தெரியும், தாள் எங்கே என்று கேட்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

"கதவுல ஒரு ஓட்டை. அதை அடைக்க ஒரு தாள் எடுத்தீங்க, பெரியவரே. அதைப் போய் நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? அதுக்காக ஒரு பையனைத் தீவுக்கு அனுப்புவீங்களா?"

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் விரல் விட்டு எண்ணி யோசித்தேன். இவர் போட்ட தாளில் இலை இல்லை. கடையில் உள்ள தாளில் இலை இருக்கிறது. அப்படியானால் கட்டை கிடங்குக்குப் போன பிறகு யாரோ இலையைச் செதுக்கி, மறுபடி ஒரு கட்டுத் தாள் அச்சுப் போட்டிருக்கிறார்கள். செதுக்கத் தெரிந்தவன் யார்? சுற்றிச் சுற்றி இவாகிச்சியிடமே வந்து நின்றது.

"அண்ணே, இது அவனுக்கு இன்னும் கெட்டதால்ல முடியுது?"

அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. கடையில் வாங்கிய தாள்களைத் தோமெசோவிடம் காட்டி, இது யார் போட்டது என்றார். கிழவர் நிறத்தையும் ஓரத்தையும் பார்த்து, தன் வேலைதான், ஒவ்வொரு தாளும் தன் கையால் போட்டதுதான் என்றார். அவருக்கே குழம்பிவிட்டது.

"ஒரு விசிறிப் படம் போட்டுக் காட்டுங்க."

தோமெசோ தூரிகையால் கட்டையில் சாயம் தடவினார். ஈரக் காகிதத்தை அதன் மேல் கிடத்தினார். மூங்கில் மடல் சுற்றிய வட்டால் காகிதத்தின் முதுகில் அழுத்தித் தேய்த்தார். உரித்து எடுத்தார். அண்ணன் அந்தத் தாளைத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஐரிஸ் தாளைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். விரலால் தடவினார். அவர் உதடு ஒரு ஓரமாகக் கோணியது. அது சிரிப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டேய், நல்ல பருமனா ஒரு முள்ளங்கி வாங்கிட்டு வா."

"பசிக்குதா அண்ணே?"

"அப்புறம் கடைக்குப் போய் முதலாளியையும் சஹெய்யையும் சாவடிக்கு வரச்சொல்லு. புகார்ச் சீட்டுல கடை முத்திரை வேணும்னு சொல்லு. முத்திரையைக் கொண்டுவரச் சொல்ல மறந்துடாதே."

*

தோமெசோவும் சேர்ந்து நாங்கள் எல்லோரும் சாவடிக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கொன்னோ ஐயா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். இவாகிச்சியைத் தூணிலிருந்து அவிழ்த்து நடைக்கயிறு போட்டிருந்தார்கள். மணிக்காகத்தான் காத்திருந்தார்கள்.

சஹெய் புகார்ச் சீட்டில் முத்திரை குத்தினார். சிவப்பாக, நேராக, மூலையில்.

"ஒரு சின்ன விளையாட்டு இருக்குங்க, ஐயா. மணி அடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றபடி அண்ணன் ஈரத் துணியைப் பிரித்தார். பாதியாக வெட்டிய முள்ளங்கி. வெட்டு முகத்தில் கத்தியால் செதுக்கிய மூன்று இலைகள், வட்டமாக.

கொன்னோ ஐயா ஒரு எட்டுப் பின்னால் போனார். "மகோரோகு. முள்ளங்கியில ஷோகன் முத்திரையா?"

"மூணு கீறல்தாங்க. எலைன்னு நினைச்சா எலை." பக்கத்தில் கறுப்பு மையும் தூரிகையும் காகிதமும் வைத்தார். தோமெசோ, முதலாளி, சஹெய் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தடவை இதைக் காகிதத்தில் பதித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

தோமெசோ முள்ளங்கியை வெட்டு முகம் மேலே பார்க்கும்படி தரையில் நிறுத்தினார். தூரிகையால் மை தடவி, காகிதத்தை மேலே கிடத்தி, உள்ளங்கையால் தேய்த்தார். உரித்தார்.

அடுத்தது கஹெய் முதலாளி. இளமையில் அச்சுப் பட்டறையில் உட்கார்ந்தவர். பேசாமல் அதே மாதிரி செய்தார்.

சஹெய் முள்ளங்கியைக் கையில் எடுத்தார். மையில் ஒரு தொடல். காகிதத்தில் ஒரு குத்து. மூலையில், நேராக, அழகாக விழுந்தது. அதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் திருப்தி.

அண்ணன் மூன்று தாளையும் வரிசையாக வைத்தார்.

"காகிதத்தைக் கட்டை மேல அழுத்தறவன் அச்சுக்காரன்" என்றார் அண்ணன். "கட்டையைக் காகிதத்து மேல அழுத்தறவன் முத்திரைக்காரன்."

ஐரிஸ் படம் ஒன்றை எடுத்து, முகம் கீழே இருக்கும்படி கொன்னோ ஐயாவின் முன்னால் கவிழ்த்தார். எல்லோரும் பூவின் முகத்தையே பார்த்தோம், யாரும் முதுகைப் பார்க்கவில்லை என்றார். முதுகில் மொத்தப் படமும் நிழலாக ஊறி வந்திருந்தது. இதழ், தண்டு, புல், தண்ணீர்க் கோடு, எல்லாவற்றின் மேலும் வட்டு தேய்த்த வழவழப்பு. ஈரத்தாளில் அழுத்தித் தேய்த்தால் அப்படித்தான் வரும். மூன்று இலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் ஊறவில்லை. அந்த இடத்தில் வெறும் புல்தான்.

"அப்ப இந்த இலை கட்டையில இல்லவே இல்ல" என்றார் கொன்னோ ஐயா மெதுவாக.

"இல்லீங்க. தாள் காஞ்சு கிடங்குக்கு வந்த பின்னாடி, மேலேருந்து ஒண்ணொண்ணா குத்தியிருக்கு. கோணாம."

"அப்புறம் கட்டையை ஏன் எரிக்கணும்?"

அண்ணன் இவாகிச்சியின் வலக்கையை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். தன் கத்தியை அவனிடம் கொடுத்து முள்ளங்கியை நீட்டினார். "தம்பி, இதுல இருக்கற முத்திரை யார் கண்ணுலயும் படக்கூடாது. என்ன பண்ணுவே?"

காலையிலிருந்து கட்டிக் கிடந்த கை. விரலை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். அப்புறம் கத்தியைப் பிடித்தான். ஒரே சீவல். மூன்று இலையும் மெல்லிய வட்டமாகத் தரையில் விழுந்தது. முள்ளங்கி முகம் மொழுமொழுவென்று இருந்தது.

"செதுக்கறவனுக்கு இது ஒரு சீவல் வேலைங்க" என்றார் அண்ணன். "அவன் முழுக் கட்டையை ஏன் எரிக்கப்போறான்? கட்டையில முத்திரை இருந்ததை மறைக்க யாரும் எரிக்கல. இல்லாததை மறைக்கத்தான் எரிச்சாங்க. கட்டை இருந்தா, எடுத்துப் பார்த்ததும் இவன் குத்தமில்லாதவன்னு தெரிஞ்சிடும்."

எல்லோர் கண்ணும் சஹெய் பக்கம் திரும்பியது. அவர் அசையவில்லை. முத்திரை குத்துவது தன் தொழில், எதைக் கொடுத்தாலும் கை அப்படித்தான் போகும், அது குற்றமா என்று பணிவாகக் கேட்டார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

"ரொம்பச் சரி. உங்க கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார் அண்ணன். "பிடி மேலதான். வேற பிடின்னா கோணும்னு நீங்கதான் சொன்னீங்க. ஆனா படத்துல ஒண்ணு கூடக் கோணல."

சஹெய்யின் கை முத்திரையை நோக்கிப் போனது. நான் பாய்ந்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் நடைக்கயிறு தடுக்கி அவர் கை மேலேயே விழுந்தேன். முத்திரை உருண்டு அண்ணன் காலடிக்குப் போனது.

அண்ணன் அதை எடுத்து, பிடியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். முத்திரையின் முகம் சிவப்பு. வாங்கிய நாளிலிருந்து சிவப்பைத் தவிர வேறு மசியைத் தொடாத முத்திரை. ஆனால் பிடியின் வால்முனையைப் புதிதாகச் சீவியிருந்தது. அந்த முனையில்தான் மூன்று இலையைச் செதுக்கி, முத்திரையைத் திருப்பிப் பிடித்துக் குத்தியிருக்கிறார்; இலைகள் சீவலோடு போய்விட்டன. கறுப்பு போகவில்லை. மை மரத்தின் நாருக்குள் இறங்கியிருந்தது, எவ்வளவு சீவினாலும் அது உள்ளேயே நிற்கும். முத்திரையைத் தூக்கி எறியவும் வழியில்லை. மறுநாள் காலையில் கடை முத்திரை எங்கே என்று முதலாளி கேட்பாரே.

கஹெய் முதலாளி அந்தக் கறுப்பு முனையை வெகுநேரம் பார்த்தார். "சஹெய்" என்றார்.

"சின்னப் பையனா வந்தேன்" என்றார் சஹெய். குரல் உயரவே இல்லை. "இந்தக் கடையை விட்டு வெளிய போன ஒவ்வொரு உறை மேலயும் என் கைதான் இருக்கு. கல்லாவை வேணாம்னு சோபாக் கடையில சிரிச்சுட்டு இருந்தானே, அவனைக் கூப்பிட்டு உக்கார வெப்பீங்க. எனக்கு எழுந்து நின்னு கும்பிடற வேலை."

கொன்னோ ஐயா இவாகிச்சியின் கயிற்றை அவிழ்த்து அதையே சஹெய்யின் மணிக்கட்டில் போட்டார். இவாகிச்சி தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து, புதிதாக வாங்கியவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். கஹெய் முதலாளி அவன் முன்னால் வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"அந்தக் கட்டையைத் திரும்பச் செதுக்கித் தரேன்" என்றான் இவாகிச்சி. "கல்லா மட்டும் எனக்கு வேண்டாம், மாமா."

"கல்லாவை நான் பார்த்துக்கறேன். நீ கட்டையைப் பாரு" என்றார் முதலாளி, தரையைப் பார்த்தபடியே. "முதல்ல வீட்டுக்கு வா. அவ காலையிலேர்ந்து சாப்பிடல."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தபோது கொன்னோ ஐயா திடீரென்று நின்றார். கீழே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தரையில் அந்த முள்ளங்கிச் சீவல், ஷோகனின் மூன்று இலையோடு, எங்கள் காலுக்கு நடுவே மல்லாந்து கிடந்தது.

மிதிக்க முடியாது. குப்பையில் எறிய முடியாது. அடுப்பில் போட்டால் முத்திரையை எரித்த குற்றம். ஆதாரமாக எடுத்துவைக்கலாம் என்றால் நாலு நாளில் அழுகும், ஷோகன் முத்திரை அழுகியதற்கு யார் பதில் சொல்வது என்று ஐயா கவலைப்பட்டார். செதுக்கியது யார் என்று யாராவது மேலே கேட்டால் என்ன ஆகும் என்பதை அண்ணன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானேடா பசியான்னு கேட்டே" என்றார் அண்ணன்.

இரண்டு கையாலும் எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாயில் போட்டேன். காரமும் மையின் கரியும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மாலை மணி அடித்தது. கொன்னோ ஐயா சஹெய்யை நடத்திக்கொண்டு போனார்.

இவாகிச்சி வாசலில் நின்று செருப்பில் காலை நுழைத்தான். "தன்கிச்சி, மழை விட்டுச்சா?"

அன்றைக்கு முதல்முறையாக என்னிடம் பதில் இல்லை. வாய் நிறைய ஷோகன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"நல்லது, ஐரிஸுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் குடை இல்லாமலே தெருவில் இறங்கினான்.